மூன்று மணி நேரமும் எழுபத்தாறு நாளும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் மைத்துனர் வீட்டுக் கூடத்தில், டிவி மாட்டவேண்டிய சுவரை நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே கடல்நீர். ஒரு ஜோடி கோமாளி மீன், மஞ்சள் வால் டாம்செல் ஒன்று, கல் இடுக்கில் குடியிருக்கும் சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று. கோமாளி மீன் என்றால் இப்போது யாருக்கும் புரிவதில்லை. 2003-இல் வந்த அந்தக் கார்ட்டூன் படத்துக்குப் பிறகு கடைக்காரர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தை வரை எல்லாருக்கும் அது ‘நீமோ’தான். இரண்டு வருடமாக அந்தத் தொட்டியில் ஒரு சாவு இல்லை. அந்தத் தைரியத்தில் போன சித்திரையில் சென்னைக்குப் போய் ஒரு பவுடர் ப்ளூ டாங் வாங்கி வந்தார்.

இந்தியப் பெருங்கடலின் அழகன் அந்த மீன். வெளிர்நீல உடம்பு, கறுத்த முகம், முதுகில் மஞ்சள் துடுப்பு. அதற்கு நாலடித் தொட்டி போதாது என்பது வேறு சண்டை, அதை இங்கே கிளப்பவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெர்மாகோல் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்தார். பையைத் திறந்து வாளியில் கவிழ்த்து, மெல்லிய ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விட்டார். மூன்று மணி நேரம். மீன் சாய்ந்து படுத்துச் செவுளை வேகமாக அடித்துக்கொண்டது. பிறகு தொட்டியில் விட்டார், தேறியது, நீந்தியது, தின்றது. பத்தாம் நாள் அதன் உடம்பில் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். இரண்டு நாளில் கோமாளிகள் மீதும் அதே.

“மூணு மணி நேரம் கால் கடுக்க நின்னேன் மச்சான். இன்னும் எவ்வளவு பொறுமையா இருக்கணும்?” என்றார்.

பொறுமை அவரிடம் நிறையவே இருந்தது. நிமிடக் கணக்கில் முடிக்கவேண்டிய இடத்தில் மூன்று மணி நேரத்தைக் கொட்டினார். வாரக் கணக்கில் காத்திருக்கவேண்டிய இடத்தில் ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. பழகிய கடல்நீர்த் தொட்டியில் புது மீன் விடுபவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதைத்தான் என்பது என் கணிப்பு.

முதலில் அந்தப் பையைப் பார்ப்போம். கட்டிய பைக்குள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். மீன் மூச்சு விடுகிறது, கரியமில வாயு தண்ணீரில் கரைகிறது, தண்ணீர் புளிக்கிறது. கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருக்கும். சில மணி நேரத்தில் பைக்குள் அது 7-ஐ நோக்கி இறங்கிவிடும். அதே நேரம் மீனின் செவுளிலிருந்து அம்மோனியாவும் வெளியேறிச் சேர்கிறது. கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் இங்கே ஒன்று மற்றொன்றைக் கட்டிப்போடுகிறது. தண்ணீர் புளிப்பாக இருக்கும்வரை அம்மோனியாவில் பெரும்பகுதி அம்மோனியம் அயனியாகவே இருக்கும். அயனி செவுளுக்குள் எளிதில் நுழையாது. நுழைந்து கொல்வது அயனியாகாத அம்மோனியா.

இப்போது பையைத் திறக்கிறோம். கோலி சோடாவின் குண்டைத் தட்டினால் என்ன ஆகும்? வாயு புஸ்ஸென்று கிளம்பிவிடும். இங்கே சத்தமில்லாமல் அதுவே நடக்கிறது. கரியமில வாயு போனதும் பிஎச் ஏறுகிறது. போதாததற்கு 8.2 பிஎச் உள்ள தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னும் ஏற்றுகிறோம். பிஎச் ஒரு எண் ஏறினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். அதாவது நாலு மணி நேரப் பயணத்தில் மீனுக்கு ஆகாத தீங்கு, நம் வாளியில், நம் கண்முன்னே, நம் அக்கறையால் ஆகிறது. சாய்ந்து படுத்துச் செவுளை அடித்துக்கொண்டதே, அது புது இடத்துக் கூச்சம் இல்லை.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: கட்டிய பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டால் சூடு சமமாகிவிடும். பிரித்ததும் மீனை உடனே எடுத்துப் புதுத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. உள்ளூர்க் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் கொண்டுவந்த மீன் என்றால் இந்த அவசரம் இல்லை. இரவெல்லாம் பார்சலில் வந்த மீனுக்கு உண்டு.

புதுச்சேரி மீன்களுக்குத் தூரப் பயணம் ஒன்றும் புதிதல்ல. 1816-இல் இங்கு வந்து சேர்ந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோ த லா தூர் இந்தக் கரையின் மீன்களைப் பாரிசுக்கு அனுப்பினார். குவியேயும் வலான்சியேனும் 1828 முதல் எழுதிய மீன்களின் பெருநூலில் அவை இடம்பெற்றன. சாராயத்தில் மிதந்து போன மீன்கள். பையைத் திறந்தால் பிஎச் ஏறுமே என்ற கவலை அவற்றுக்கு இல்லை. கடல் உயிரை உயிரோடு கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கத் தொடங்கியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். ழான் வில்ப்ரே பவர் என்ற பெண்மணி, பாரிசில் தையல்காரியாக இருந்தவர், 1832-இல் சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டி செய்து கணவாய்க்கு உறவான ஓர் உயிரை ஆராய்ந்தார். கடற்கரைச் சாலையில் நடக்கும்போது டூப்ளே சிலையைப் பார்ப்பவர்கள் இந்த அம்மாளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

“உடனே விடுன்னு சொல்றீங்க, உப்பு?” என்று மைத்துனர் மடக்கினார். சரியான கேள்வி. சொட்டு முறை பிறந்ததே உப்புக்காகத்தான்.

கடலில் வாழும் எலும்பு மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியிருக்கும் கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். உப்பிட்ட மாங்காய் நீர் விடுவதுபோல அதன் உடம்புத் தண்ணீர் ஓயாமல் வெளியே கசிகிறது. தண்ணீருக்கு நடுவே தாகம். அதனால் அது கடலைக் குடிக்கிறது. குடித்த உப்பைச் செவுளில் இருக்கும் தனிச் செல்கள் இறைத்து வெளியே தள்ளுகின்றன. கடல் மீன் கடலைக் குடிக்கிறது என்பதை அமெரிக்க உடலியலாளர் ஹோமர் ஸ்மித் 1930-இல் காட்டினார். சுற்றியுள்ள உப்பு குறைந்தால் இந்த இறைப்பு வேலை குறைகிறது, மீன் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். உப்பு திடீரென்று கூடினால்தான் வம்பு. இறைக்கும் செல்கள் ஈடுகொடுக்க நாள்கள் ஆகும். மூன்று மணி நேரச் சொட்டு எந்த மூலைக்கு?

கடைத் தொட்டிகள் பலவற்றில் உப்பைக் குறைத்துத்தான் வைப்பார்கள். ஒட்டுண்ணி அடங்கும், சால்ட் மிக்ஸும் மிச்சம். ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் கடையில் 1.019, வீட்டில் 1.025. கடல்நீரைக் கேனில் பிடித்து வந்து ஊற்றுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வடகிழக்குப் பருவமழையின்போது கங்கையும் மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் கொட்டிய நன்னீரைக் கரையோர நீரோட்டம் தெற்கே இழுத்து வரும். மே மாதத்தில் கிலோவுக்கு 34, 35 கிராம் உப்பு இருக்கும் நம் கடல் நவம்பர், டிசம்பரில் 30-க்கும் கீழே இறங்குவதுண்டு. வைத்திக்குப்பத்து மீனவர்கள் நாக்கிலேயே சொல்லிவிடுவார்கள். தொட்டிக்காரர்கள் அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஆக ஒரு பக்கம் அம்மோனியா ‘சீக்கிரம்’ என்கிறது, மறுபக்கம் உப்பு ‘மெதுவாக’ என்கிறது. இந்த இழுபறியைத் தீர்க்க ஒரே வழி இரண்டாவது தொட்டி. நாற்பது லிட்டர் போதும், மணல் வேண்டாம், கல் வேண்டாம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஒளிந்துகொள்ள நாலு பிவிசி பைப் துண்டு. மீன் வரும் முன்பே கடைக்காரரிடம் கேட்டு அவர் தொட்டியின் உப்பளவை இதில் வைத்துவிட்டால், பையிலிருந்து எடுத்த மீனை நேரே விடலாம். பிறகு நாளொன்றுக்கு 0.001 வீதம் உப்பை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு வாரத்தில் வீட்டுத் தொட்டியின் அளவு வந்துவிடும். அப்புறமும் மீனை அங்கேயே வைத்திருக்க வேண்டும். ஏன் என்பதுதான் கதையின் கனமான பகுதி.

அந்த வெள்ளைப் புள்ளிக்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒற்றைச் செல் உயிர். புள்ளி என்று நாம் பார்ப்பது மீனின் தோலுக்கடியில் புகுந்து உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒரு தனி உயிரி. மூன்று முதல் ஏழு நாள் தின்று கொழுக்கும். பிறகு தானாகவே கழன்று விழும், அதுவும் பெரும்பாலும் இருட்டில். காலையில் விளக்கைப் போட்டால் மீன் பளிங்குபோல் இருக்கும். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பூண்டு போட்டேன் சரியாயிற்று, தண்ணீர் மாற்றினேன் சரியாயிற்று என்று கேட்கும் கதைகளில் பாதி இந்த இரவில் பிறந்தவை. விழுந்தது தரையிலோ கல்லிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கூடு கட்டி, உள்ளே பிளந்து பெருகுகிறது. ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுகள் வரை வரலாம். அவையும் இருட்டில்தான் வெளிவரும், விடியலுக்கு முன், மீன்கள் கல்லோரம் அசையாமல் கிடக்கும் நேரத்தில். ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை செத்துப்போகும்.

கடலில் இதே உயிர் ஒரு சாதாரணத் தொல்லை, அவ்வளவே. கூடு வெடிக்கும்போது அந்த மீன் எங்கோ போயிருக்கும், இருநூறு குஞ்சில் நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் வெறும் தண்ணீரில் அலைந்து அழியும். நாலடிக் கண்ணாடிக்குள் தப்பி ஓட மீனுக்கு இடமில்லை. ஒன்று இருநூறாகிறது, அடுத்த சுற்றில் அந்த இருநூறும் பெருகுகிறது. மைத்துனர் மீனின் உடம்பில் முதல் நாளே ஒன்றிரண்டு இருந்திருக்கும், செவுளுக்குள் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. பத்தாம் நாள் அவர் பார்த்தது இரண்டாம் தலைமுறை.

டாங் இனங்களுக்கு, அதிலும் பவுடர் ப்ளூவுக்கு, இந்த நோய் சட்டென்று தொற்றும் என்பதை மீன் வளர்ப்பவர்கள் பட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். இதைவிடப் பொடியாக, மாவு பூசியதுபோல் வரும் அமிலூடினியம் என்னும் ஒட்டுண்ணி இன்னும் மோசம், சில நாள்களில் தொட்டியையே காலி செய்துவிடும்.

மருந்து உண்டு: செம்பு. அயனிச் செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. அதற்குக் கீழே போனால் ஒட்டுண்ணி சாகாது, மேலே போனால் மீனுக்கு ஆபத்து. தினமும் அளக்க வேண்டும். செம்பு குஞ்சுப் பருவத்தைத்தான் கொல்லும். தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது, அவை வெளியே வரும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். பெரிய தொட்டியில் இதை ஊற்றவே கூடாது. இறால் அன்றே போய்விடும், சுண்ணாம்புக் கல் செம்பை உறிஞ்சிக்கொண்டு அளவையும் குழப்பும். மறுபடியும் அந்த இரண்டாவது தொட்டிதான் கதி.

எத்தனை நாள்? நான்கு முதல் ஆறு வாரம் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் அளவு. 1377-இல் ஆட்ரியாட்டிக் கடலோரத்து ரகுசா நகரம், பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பின்னால் அது நாற்பதாக நீண்டது, நாற்பதுக்கான இத்தாலியச் சொல்லிலிருந்தே குவாரன்டைன் என்ற பெயர் வந்தது. கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் வைத்த கணக்கு. ஒட்டுண்ணியின் சுழற்சியை நுண்ணோக்கியில் பார்த்த பிறகும் மீன்காரர்கள் அதே முப்பது, நாற்பதுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 2020-ஐப் பார்த்துவிட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தொட்டி தரும் இன்னொரு நன்மையைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பழைய தொட்டி ஓடுவது ஃபில்டரால் என்று நினைக்கிறோம். உண்மையில் ஓட்டுவது கல்லிலும் மணலிலும் குடியேறிய நுண்ணுயிர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவைதாம். 2005-இல் சியாட்டில் நகரத்து மீன் காட்சியகத் தொட்டி ஒன்றின் சரளையிலிருந்து இப்படிப்பட்ட ஓர் உயிரைப் பிரித்தெடுத்தார்கள். நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர். அது பாக்டீரியாகூட இல்லை, ஆர்க்கியா என்னும் தனிக்கிளை. அதன் இனத்தார் பெருங்கடல் முழுக்க நிறைந்திருக்கிறார்கள் என்பது தெரிந்து கடலின் நைட்ரஜன் கணக்கையே திருத்தி எழுதவேண்டி வந்தது, ஒரு மீன் தொட்டியின் சரளையால். இந்தக் கூட்டம் இருக்கிற அம்மோனியாவுக்கு ஏற்றபடிதான் பெருகியிருக்கும். நான்கு மீனுக்குச் சமைக்கும் வீட்டில் திடீரென்று பத்து விருந்தாளி வந்தால் உலை மறுபடி ஏறவேண்டும், அதற்குள் அம்மோனியா கூடிவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

சரி, நோயில்லை, உப்பு சமம், நாற்பது நாள் முடிந்தது. விட்டுவிடலாமா? உள்ளே இருப்பவர்களைக் கேட்க வேண்டாமா?

பவள மீன்களின் சண்டையை ஊன்றிப் பார்த்தவர் ஆஸ்திரிய விலங்கியலாளர் கான்ராட் லோரன்ஸ். 1963-இல் வந்த, மூர்க்கத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் பவளப்பாறையிலும் மீன் தொட்டியிலும்தான் தொடங்குகிறது. மற்ற இனத்தைக் காட்டிலும் தன் இனத்தானைத்தான் இந்த மீன்கள் வெறியோடு துரத்துகின்றன என்று கண்டார். காரணம் எளிது. ஒரே சாப்பாடு, ஒரே பொந்து, ஒரே துணைக்குப் போட்டி. பங்காளிச் சண்டை. தன் இனத்தான் யார் என்பதை அவை முகத்திலேயே அடையாளம் காண்கின்றன. டாம்செல் இனம் ஒன்று, நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா நிறத்தில் முகத்தில் இருக்கும் கோலத்தை வைத்துத் தன் இனத்தையும் நெருங்கிய உறவினத்தையும் பிரித்தறிகிறது என்று 2010-இல் உல்ரிகே சீபெக் குழுவினர் காட்டினார்கள். ஆகவே வந்தவன் பங்காளியா இல்லையா என்பது உள்ளிருப்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

கோமாளி ஜோடியோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அந்த வீட்டில் பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் செத்தால் ஆணே பெண்ணாக மாறும். மற்றவை வரிசையில் நிற்க வேண்டியவை. பாப்புவா நியூகினியில் ஆராய்ந்த பீட்டர் பஸ்டன் 2003-இல் காட்டியது இன்னும் வியப்பு: வரிசையில் கீழே இருப்பவை மேலே இருப்பவற்றுக்குப் போட்டியாகத் தெரியாதபடி தங்கள் வளர்ச்சியையே அடக்கி வைத்துக்கொள்கின்றன. கடையில் வளர்ந்த மூன்றாவது கோமாளி இந்த வரிசைக்குப் பழகியதில்லை. ஏறக்குறைய அதே உருவத்தோடு போய் நிற்கும், கிழிபடும்.

மற்ற மீன்களுக்குச் சில தந்திரங்கள் பலிக்கும். எல்லைக்கு அடையாளம் கற்கள்தானே, புது மீன் விடும் அன்று கற்களை மாற்றி அடுக்கினால் பழையவனும் அன்று புதியவனாகிவிடுவான். விளக்கை அணைத்துவிட்டு மாலையில் விடலாம். துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு மூன்று நாள் உள்ளேயே தொங்கவிட்டால் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூர்க்கமானதைக் கடைசியில் சேர்க்க வேண்டும். டாம்செல் மலிவாகக் கிடைக்கிறது என்று முதலில் வாங்கி விடுவார்கள். அது தொட்டி முழுவதற்கும் பட்டா வாங்கி உட்கார்ந்துவிடும்.

எந்த மீன் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கடல் குதிரையும் பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. யார் காதோடு சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள். கோமாளி வாங்குவதானால் குஞ்சுப் பண்ணையில் பிறந்ததாகக் கேளுங்கள். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனமும், நமக்குப் பக்கத்திலேயே கடலூர் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதை வளர்ப்பில் பெருக்கிக் காட்டியிருக்கின்றன. தொட்டியில் பிறந்ததற்குத் தொட்டிதான் உலகம், குருணைத் தீனியைப் பார்த்து முகம் சுளிக்காது. இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் புது மீன் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் கரையேறியபோது புதுச்சேரி கரண்டில்லாமல் இருட்டில் கிடந்தது நினைவிருக்கும். பழகிய மீன்களைக் காப்பாற்றவே பேட்டரி ஏர் பம்ப் போதாத இரவு அது.

மைத்துனர் கதை என்ன ஆயிற்று? பவுடர் ப்ளூ பிழைக்கவில்லை. கோமாளிகளையும் டாம்செல்லையும் பிடித்துப் பின்கட்டில் அவசரமாக வைத்த சிறிய தொட்டிக்கு மாற்றிச் செம்பு மருந்து கொடுத்தார். பெரிய தொட்டியில் இறால் மட்டும். கூடுகளில் சில வெடிக்க 72 நாள் வரைகூட எடுத்துக்கொள்ளும் என்பது பதிவான கணக்கு. அதற்குமேல் கொஞ்சம் சேர்த்து 76 நாள் மீனில்லாமல் விடுவது வழக்கம். மீன் கிடைக்காத ஒட்டுண்ணி அந்த அளவில் அற்றுப்போகும். மே தொடக்கத்தில் எண்ண ஆரம்பித்தால் ஆடி பிறந்துவிடும். தினக் காலண்டர் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் பின்பக்கம் ஓர் எண்ணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

ஒரு நாள் மாலை நான் போயிருந்தபோது, விளக்கெரியும் வெறும் தொட்டிக்குள் அவர் ஒரு சிட்டிகை தீனி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சிறுமி வாசலில் நின்று பார்த்தாள்.

“மீனே இல்லையே அங்கிள், யாருக்குப் போடுறீங்க?”

“கல்லுக்கு” என்றார் அவர். தீனி அழுகி அம்மோனியா வந்தால்தானே கல்லில் இருப்பவை பட்டினி கிடக்காமல் இருக்கும். அவள் கல்லைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அங்கிளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்பதுபோல. ஃபிரிட்ஜ் கதவில் அன்றைய தாளில் 41 என்று எழுதியிருந்தது.